தேசிங்கின் குதிரையும் செஞ்சியின் நெற்களஞ்சியமும்

போரில் பட்டவனுக்குக் கல் நட்டு வழிபடுவது தமிழ்நிலத்தின் தொன்மையான வழக்கங்களுள் ஒன்று. கல்லைத் தேர்வது, எடுத்து வருவது, நீராட்டுவது, நடுவது, படையலிடுவது, வாழ்த்துவது என அதற்கு ஆறு நிலைகளை வகுத்துத் தந்தது தொல்காப்பியம். ஆயினும், நம் முன்னோர் அம்முறைகளோடு நின்றுவிடவில்லை. எந்த வேந்தனின் எத்தனையாவது ஆட்சியாண்டில், எவருடைய சேவகன், எந்த ஊர் மாடுகளை எவர் கவர்ந்தபோது, மீட்கப் போய் மாண்டான் என்பதைச் செங்கம் வட்டாரத்துப் பல்லவர் காலக் கற்கள் ஊர்க் கணக்கர் ஏட்டில் பதிவதுபோல் ஒழுங்காகப் பதிந்து வைத்திருக்கின்றன. மகேந்திரவர்ம பல்லவன் காலத்ததான எடுத்தனூர்க் கல்லில், கருந்தேவக்கத்தி என்னும் வீரனோடு அவன் வளர்த்த நாயும் செதுக்கப்பட்டிருக்கிறது. கோவிவன் என்பது அந்நாயின் பெயர் என்றும், கள்வர் இருவரைக் கடித்துக் காத்து நின்றது அதன் செயல் என்றும் அக்கல்லே சொல்கிறது. ஒரு நாய்க்குக்கூடச் செயலைச் சொல்லாமல் சிறப்புச் செய்யாத மரபு நம்முடையது.

போரைப் பற்றிப் பேசிய நம் இலக்கணமும் அவ்வாறே நோக்கத்தை முன்னிறுத்திப் பேசிற்று. ஆநிரை கவரப் போனவன் வெட்சி சூடினான். மீட்கப் போனவன் கரந்தை சூடினான். பிறர் மண்ணைக் கொள்ளப் போனவன் வஞ்சி சூடினான். மதிலை வளைத்தவன் உழிஞையும், மதிலைக் காத்தவன் நொச்சியும் சூடினர். வாள் ஒன்றுபோலவே இருப்பினும், எதற்காக அது உறையை விட்டு வெளிவந்தது என்பதைப் பார்ப்போர் தொலைவிலிருந்தே அறிந்துகொள்ளும்படி பூவினால் அடையாளமிட்ட சமுதாயம், வீரத்தை நோக்கத்திலிருந்து பிரித்துத் தனியே எடுத்துப் போற்றும் பழக்கத்தை அறியாதிருந்தது என்றே நாம் கருதுகிறோம். அப்பழக்கம் பின்னாளில் வந்தது; இன்று நம்மிடையே வேர்கொண்டும் விட்டது.

இவற்றை இப்போது எழுத நேர்ந்ததற்குக் காரணம் செஞ்சி. 2025 சூலையில், மராத்தியரின் படைசார் நிலவெளிகள் என்னும் தலைப்பின்கீழ் பன்னிரண்டு கோட்டைகளை உலக மரபுச் சின்னங்களாக யுனெஸ்கோ ஏற்றபோது, அவற்றுள் மகாராட்டிரத்துக்கு வெளியே உள்ள ஒரே கோட்டையாகச் செஞ்சியும் இடம்பெற்றது. 1993 வரையில் நம் விருத்தாசலமும் செஞ்சியும் ஒரே தென்னார்க்காடு மாவட்டத்தைச் சேர்ந்தவை. ஆகவே அந்தச் சிறப்பில் மகிழும் உரிமையும், அதைத் தொடர்ந்து வரும் பொறுப்பில் பங்கும் நமக்கு உண்டு. 1677இல் அக்கோட்டையைக் கைக்கொண்டு வலுப்படுத்தியவர் சிவாசி. 1690 முதல் ஏறத்தாழ எட்டு ஆண்டுகள் அவர் மகன் இராசாராம் முகலாயப் பெரும்படையை எதிர்த்து நின்றதும் அங்கேதான். ஆகவே மராத்தியரின் பெயரால் அது போற்றப்படுவதில் குறை காண்பதற்கில்லை. ஆனால், நம் பக்கத்துச் சிற்றூர் எதிலாவது போய்ச் செஞ்சி யாருடைய கோட்டை என்று முதியவர் ஒருவரைக் கேட்டால், அவர் வாயிலிருந்து வரும் பெயர் சிவாசியுடையதாகவோ அதை விரிவாக்கிக் கட்டிய நாயக்கர்களுடையதாகவோ இராது. தேசிங்குராசன் கோட்டை என்பார். பத்து மாதமும் முழுதாய் ஆளாத ஓர் இளைஞனின் பெயர் அது.

தேசிங்கு எனத் தமிழர் வாயில் திரிந்த தேசுசிங்கு, வடக்கே புந்தேல்கண்டு நாட்டு இராசபுத்திரக் குடியில் பிறந்தவன். செஞ்சியை முகலாயர் 1698இல் கைப்பற்றிய பின், ஔரங்கசீப்பின் ஆணையால் கோட்டைத் தலைமையேற்ற சொரூபசிங்கு அவனுடைய தந்தை. ஆர்க்காட்டு நவாப்புக்குச் செலுத்த வேண்டிய கப்பம் ஆண்டுக்கணக்கில் நின்று ஏறிக்கிடந்த நிலையில் சொரூபசிங்கு 1714இல் இறந்தார். செய்தி கேட்டு இளம் மனைவியோடு தெற்கே வந்த மகன், தந்தைக்குக் கிடைத்த பாதுசாவின் ஆணையே தனக்கும் போதும் என்று சொல்லிக் கோட்டையைத் தன் ஆளுகையில் கொண்டான். ஔரங்கசீப் இறந்து ஆண்டுகள் ஏழாகிவிட்டன, தில்லியில் இப்போது அமர்ந்திருப்பவர் பரூக்சியர், அவரிடமிருந்து புதிய ஆணை பெறாமல் கோட்டை உனதாகாது என்றார் நவாப்பு சாதத்துல்லாகான். கப்பமும் வரவில்லை, ஆணையும் வரவில்லை, படை வந்தது.

நாம் தயக்கமின்றிச் சொல்ல வேண்டிய உண்மை ஒன்று இங்கே உண்டு. எழுந்த வழக்கு, ஆள்வோர் இருவருக்கிடையே எழுந்த உரிமை வழக்கு. தமிழ் உழவனின் விடுதலைக்காகத் தேசிங்கு வாளெடுத்தான் என்றோ, அயல் ஆதிக்கத்துக்கு எதிராக மண்ணின் மைந்தன் எழுந்தான் என்றோ எழுதுவோர், வந்து சில மாதங்களேயான ஒரு புந்தேல இளைஞன்மேல் அவன் அறியாத ஆடை ஒன்றைப் போர்த்துகின்றனர். அவன் காத்தது தந்தை விட்டுச்சென்ற பதவியை; மறுத்தது அப்பதவிக்குரிய கப்பத்தை. அதற்காக உயிரைக் கொடுக்கத் துணிந்த மனத்திண்மை வியப்புக்குரியது. ஆனால் மனத்திண்மையைக் காட்டி வழக்கின் தன்மையை மாற்றிச் சொல்ல நமக்கு உரிமையில்லை.

1714 அக்டோபர் 3 அன்று நடந்த போர் நெடுநேரம் நீடிக்கவில்லை. மழையால் ஆறு பெருகி ஓடிய நாளில், சில நூறு குதிரைகளோடு புறப்பட்ட தேசிங்கு, பின்னால் வந்தோரில் பலர் கரையிலேயே தயங்கி நின்றுவிட, எஞ்சியோரோடு வெள்ளத்தை நீந்திக் கடந்து நவாப்பின் பெரும்படைக்குள் பாய்ந்தான். குதிரை வெட்டுண்டு வீழ்ந்தது. தோழன் மகபத்கான் வீழ்ந்தான். இறுதியில் தேசிங்கையும் குண்டு வீழ்த்திற்று. அவனுக்கு அகவை இருபத்திரண்டு. துப்பாக்கியின் குண்டுக்குத் தங்கள் வீரனை இழக்க மனமில்லாத பாடகர்கள், வாளை வானில் வீசி, அது மீளும்போது மார்பில் ஏற்று அவனே உயிர்விட்டான் என்று பாடிவிட்டனர்.

படைத்தலைவன் என்ற முறையில் அவனை எடைபோடும் எவரும் கேட்கத்தக்க கேள்வி ஒன்றுண்டு. முகலாயப் பேரரசின் படைத்தலைவன் சுல்பிகர்கானை எட்டு ஆண்டுகள் வெளியே நிறுத்திவைத்த மூன்று மலைகளும், மதில்களும், சுனைகளும் கைவசம் இருந்தபோது, அவற்றை விட்டுத் திறந்த வெளிக்கு அவன் ஏன் இறங்கினான்? நொச்சி சூட வேண்டியவன் வேறு பூவைத் தேடிப் போனான். குதிரைமேல் வளர்ந்தவனுக்கு மதிலுக்குள் இருப்பது சிறையாகத் தோன்றியிருக்கலாம். பணிந்தான் என்ற சொல்லைவிட மாண்டான் என்ற சொல்லே மேலென அவன் குடிப்பெருமை அவனுக்குக் கற்பித்திருக்கலாம். எதுவாயினும், தலைவனின் துணிவு அவனுடைய உயிரோடு முடிவதில்லை. அவன் சொல்லை நம்பி ஆற்றில் குதிரையை இறக்கியவர் அனைவருடைய உயிரும் அத்துணிவின் விலையில் சேரும். அவர்களில் மகபத்கான் ஒருவனைத் தவிர வேறெவர் பெயரும் நம் மக்களின் நாவில் இல்லை.

எனினும், தேசிங்குராசன் கதையைப் பாடி நடந்த ஊர்ப்புறப் பாடகர்களை நாம் குறைத்து மதிப்பிடவில்லை. அவர்கள் செய்த பணியின் நேர்மையைப் படித்தோர் பலர் இன்னும் உணரவில்லை என்பதே நம் கருத்து. பெரிய எழுத்துப் புத்தகமாக அச்சேறித் திருவிழாக் கடைகளில் மலிவாய் விற்ற அக்கதை, மிகைகள் மலிந்தது. தில்லி பாதுசாவின் அடங்காக் குதிரையைச் சிறுவன் அடக்கித் தந்தையைச் சிறைமீட்டதில் தொடங்குவது. ஆயினும், தன் தலைவனின் குறையை அது மறைக்கவில்லை. செஞ்சிக்கு வடக்கே, சிங்கவரத்துக் குடைவரையில் பள்ளிகொண்ட அரங்கநாதரிடம் போருக்குப் போக விடைகேட்டு அவன் நின்றபோது, வேண்டாம் என்று குறிப்பால் உணர்த்திப் பெருமாள் முகத்தைத் திருப்பிக்கொண்டார் என்கிறது கதை. அப்பெருமாளின் தலை ஒருபுறம் திரும்பியிருப்பதை இன்றும் ஊரார் வருவோர்க்குக் காட்டுகின்றனர். தாம் போற்றும் வீரன் கடவுளின் எச்சரிக்கையையும் மீறிப் புறப்பட்டான் என்பதைக் கதையின் நடுவில் வைத்துப் பாடுவதற்கு ஒரு துணிவு வேண்டும். விலைகொடுத்து எழுதுவிக்கும் மெய்க்கீர்த்திகளில் அத்துணிவைக் காண்பது அரிது.

மகபத்கானை அக்கதை நடத்திய விதம் அதனினும் உயர்ந்தது. தனக்கு நடக்கவிருந்த திருமணத்தை நிறுத்திவிட்டு, மணக்கோலத்தோடு வழுதாவூரிலிருந்து நண்பனின் அழைப்பை ஏற்றுக் குதிரை ஏறியவனாக அவனைப் பாடகர் காட்டுகின்றனர். எதிரே நிற்பது தன் சமயத்தவரான நவாப்பின் படை என்பது அவனைத் தடுக்கவில்லை. தலைவன் வணங்குவது வேறு தெய்வம் என்பதும் தடுக்கவில்லை. பாடுவோரும் கேட்போரும் இதில் புதுமை எதையும் கண்டதாகத் தெரியவில்லை. நட்பென்றால் அப்படித்தான் என்பதுபோலக் கதை மேலே செல்கிறது. நீலாம்பூண்டியில், மகபத்கானின் அடக்கமும் தேசிங்கின் குதிரையின் அடக்கமும் என்று இன்றும் ஊரார் இடம் காட்டுகின்றனர். அண்மைக் காலமாகத் தேசிங்கின் பெயரை ஒரு சமயத்தின் கொடியில் மட்டும் எழுதிக்கொள்ள முற்படுவோர் உண்டு. அவர்கள் கதையில் பாதியை வெட்டி எறிந்த பின்பே அதைச் செய்ய முடியும்.

தேசிங்கின் இளம் மனைவியைப் பற்றிக் கூறாமல் மேலே செல்வது நேர்மையாகாது. கணவனின் உடலோடு அவளும் தீயில் இறங்கினாள் என்பதும், செட்டிக்குளக் கரை மேடையே அவ்விடம் என்பதும், அவள் நினைவாகவே பாலாற்றங்கரையில் நவாப்பு ஓர் ஊரை அமைத்து இராணிப்பேட்டை எனப் பெயரிட்டார் என்பதும் வழிவழி வரும் செய்திகள். கதை அவளை இராணிபாய் என்கிறது. அது பெயரில்லை, பட்டம். குதிரைக்குப் பாராசாரி என்று பெயர் சொல்லி நினைவில் வைத்த நாடு, உயிரோடு எரிந்த அச்சிறுமகளின் பெயரைக் கேட்டு வைக்கவில்லை. வென்றவர் ஊரொன்றுக்குப் பெயர் சூட்டித் தம் மனத்தை ஆற்றிக்கொண்டார்; பாடியவர் கற்பென்று சொல்லி ஆற்றிக்கொண்டனர். அச்செயலைப் பெருமையாகப் பேசுவதற்கு இனி எந்தப் பாடநூலிலும், எந்த வழிகாட்டியின் வாயிலும் இடமிருத்தல் ஆகாது.

செஞ்சிக்குச் செல்வோர் பெரும்பாலும் இராசகிரியின் உச்சியை நோக்கியே விரைகின்றனர். கல்யாண மகாலின் அடுக்குகளைப் படம் பிடிக்கின்றனர். அடிவாரத்தில் நிற்கும் நெற்களஞ்சியத்தின் முன் நின்று பார்ப்போர் சிலரே. தடித்த சுவர், வளைந்த கூரை, உள்ளே நுழைந்தால் உச்சிவெயிலிலும் குளிர்ந்திருக்கும் இருட்டு. பேசினால் குரல் திரும்பி வந்து காதில் மோதும். இவ்வளவு நெல் எங்கிருந்து வந்தது என்று அங்கே நிற்பவர் தம்மையே கேட்டுக்கொள்ள வேண்டும். நெல் மட்டுமா? குதிரைகளுக்குக் கொள்ளு, புல், யானைகளுக்குத் தழை, மதில் கட்டச் சுண்ணாம்பு, மலையுச்சிக்குத் தண்ணீர் என அனைத்தும் அடிவாரத்து ஊர்களின் முதுகில் ஏறியே மேலே போயின. நாயக்கர், பீசப்பூர்ச் சுல்தான், மராத்தியர், முகலாயர், 1750இல் பிரெஞ்சுக்காரர், 1761இல் ஆங்கிலேயர் எனக் கோட்டையின் கொடி மாறிக்கொண்டே வந்தது. களஞ்சியத்தை நிரப்பியவர் மட்டும் மாறவில்லை.

குதிரைப்படை என்பது கதை கேட்போர்க்குக் குளம்பொலி. வயலில் நின்றவனுக்கு அது மிதிபட்ட பயிர். 1780இல் ஐதர் அலியின் குதிரைகள் கருநாடகத்துச் சமவெளியில் இறங்கிப் பரவியபோது எரிந்த ஊர்களின் நினைவு, ஐதர் கலாபம் என்ற சொல்லாகத் தமிழ் ஊர்களில் தலைமுறைகளாய் நின்றது. மறு ஆண்டு, 1781 சூலை 1 அன்று, நமக்கு அண்மையிலுள்ள பரங்கிப்பேட்டையில் ஐதரும் ஆங்கிலேயப் படைத்தலைவர் அயர் கூட்டும் மோதிக்கொண்டனர். அடுத்து வந்த பஞ்சத்தில் சென்னைத் தெருக்களில் மக்கள் செத்து விழுந்தனர். ஐதரின் படைத்திறனை இராணுவ நூல்கள் இன்றும் வியக்கின்றன. வியக்கட்டும். வியப்பவர் அந்தப் பஞ்சத்தையும் அதே பக்கத்தில் எழுத வேண்டும்.

நம் ஊரும் இக்கணக்குக்குப் புறம்பானதன்று. விருத்தாசலமாகிய திருமுதுகுன்றத்துப் பழமலைநாதர் கோயிலின் மதில்கள் கருநாடகப் போர்க்காலத்தில் கோட்டையாகப் பயன்பட்டன. 1751இல், திருச்சிக்கு அனுப்பப்பட்ட தளவாடங்களோடு இவ்வழி வந்த ஆங்கிலக் கம்பெனியாரான இராபர்ட் கிளைவும் பிகட்டும், இங்கிருந்து சில சிப்பாய்களோடு கடற்கரைக்குத் திரும்புகையில், பாளையக்காரர் ஒருவரின் ஆட்களால் மறிக்கப்பட்டனர். உடன் வந்த சிப்பாய்கள் பலர் சுடப்பட்டு மாண்டனர். மருந்தும் குண்டும் தீர்ந்த நிலையில், அவ்விருவரும் குதிரைகளின் வேகத்தால் மட்டுமே தப்பினர். அதே ஆண்டின் பிற்பகுதியில் கிளைவு ஆர்க்காட்டைக் கைப்பற்றினார். அதன்பின் நடந்தவற்றை உலகம் அறியும். நம் மணிமுத்தாற்றுப் பக்கத்தில் அன்று இரண்டு குதிரைகள் சற்றே களைத்திருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று எண்ணிப் பார்ப்பதை எம்மால் தவிர்க்க முடியவில்லை. எண்ணம் அங்கே நின்றாலும், மறித்து நின்றவரின் பெயரோ, மாண்ட சிப்பாய்களின் பெயரோ, அவர்கள் எவ்வூரார் என்பதோ நம்மிடம் இல்லை. கிளைவின் பெயர் இருக்கிறது. அவரைச் சுமந்த குதிரையின் வேகமும் ஏட்டில் இருக்கிறது.

பாட்டால் நினைவுகூர்வதற்கும் சிலையால் நினைவுகூர்வதற்கும் உள்ள வேறுபாட்டை நம் மாவட்டத்துப் பெண்ணொருவர் தம் வாழ்வால் விளக்கியிருக்கிறார். 1857இல் காசியிலும் அலகாபாத்திலும் கான்பூரிலும் விசாரணையின்றி மக்களைத் தூக்கிலிட்ட, தூக்கிலிடுமுன் தரையின் குருதியைத் துடைக்கச் செய்து அவர்களை இழிவுபடுத்திய சென்னைப் படைத்தலைவர் நீல், அவ்வாண்டு செப்டம்பர் 25 அன்று இலக்னோவில் சுடப்பட்டு இறந்தார். அவருக்குச் சென்னை மவுண்ட் சாலையில் 1861இல் வெண்கலச் சிலை எழுந்தது. வழிப்போக்கர் அனைவரும் அறுபது ஆண்டுகளுக்கு மேலாக அதைக் கடந்தே சென்றனர். 1927இல் அச்சிலையை அகற்றும் அறப்போர் எழுந்தபோது, கடலூர் முதுநகரைச் சேர்ந்த அஞ்சலையம்மாள் தம் கணவரோடும், சிறுமியான மகள் அம்மாக்கண்ணுவோடும் அதில் இறங்கிச் சிறை புகுந்தார். காந்தியடிகள் அம்மகளுக்கு லீலாவதி எனப் பெயரிட்டு வார்தாவுக்கு அழைத்துச் சென்றார். 1937இல், இராசாசி முதலமைச்சராக இருந்தபோது, சிலை சாலையிலிருந்து எடுக்கப்பட்டு எழும்பூர் அருங்காட்சியகத்துக்குப் போயிற்று. அது உடைக்கப்படவில்லை என்பது குறிப்பிடத்தக்கது. வழிபாட்டுக்குரிய மேடையை இழந்து, வரலாற்றுக்குரிய அறையை அடைந்தது. அதுவே அதற்குரிய இடம்.

அமெரிக்கர் இதே பாடத்தைக் கற்க நெடுங்காலம் எடுத்துக்கொண்டனர். அந்நாட்டு உள்நாட்டுப் போரில், அடிமை முறையைக் காக்கப் பிரிந்த தென்மாநிலக் கூட்டமைப்பின் குதிரைப்படைத் தலைவர்களுள் மிகுந்த திறனாளர் என்று பகைவராலும் ஒப்புக்கொள்ளப்பட்டவர் நாதன் பெட்போர்டு பாரஸ்ட். மெம்பிஸ் நகரில் மனிதரை வாங்கி விற்றுப் பொருள் ஈட்டியவர். 1861இல் எளிய படைவீரனாகச் சேர்ந்து படைத்தலைமைவரை உயர்ந்தவர். 1864 ஏப்ரல் 12 அன்று, பில்லோ கோட்டையில், படைக்கலத்தைக் கீழே போட்ட கறுப்பின வீரர்களை அவருடைய படை கொன்று குவித்தது. போருக்குப் பின், கறுப்பினத்தவரை அச்சுறுத்தவே தோன்றிய கூ கிளக்சு கிளானின் முதல் தலைவராகவும் அவர் விளங்கினார். குதிரைமேல் அமர்ந்த அவர் சிலை மெம்பிசில் நிறுவப்பட்டது 1905இல். போர் முடிந்து நாற்பதாண்டு கழித்து, கறுப்பினத்தவரின் வாக்குரிமை தென்மாநிலங்களில் பறிக்கப்பட்டு முடிந்த காலம் அது. அச்சிலை இறந்தவரை நினைக்க எழுந்ததைவிட, இருப்பவரை அடக்கி வைக்க எழுந்ததே மிகுதி. 2017 திசம்பரில்தான் அது இறங்கிற்று. நூற்றுப் பன்னிரண்டு ஆண்டுகள் அதன் நிழலில் நடந்த கறுப்பினக் குழந்தைகளுக்கு, அந்தக் குதிரைவீரனின் போர்த்திறனைப் பற்றி வரலாற்றாசிரியர் சொல்வதெல்லாம் என்ன ஆறுதலைத் தந்திருக்கும்?

தேசிங்கைப் பாரஸ்டோடு ஒப்பிடுவது எம் நோக்கமன்று. இருவரும் ஒரு தட்டில் நிற்கத்தக்கவர் அல்லர். எம் அச்சமெல்லாம் நினைவுகூரும் முறையைப் பற்றியதே. தமிழ்நாட்டில் இன்று ஒவ்வொரு சமூகமும் தனக்கொரு வாளேந்திய முன்னோனைத் தேடுகிறது. கிடைத்தவனைக் குதிரைமேல் ஏற்றி நாற்சந்தியில் நிறுத்துகிறது. அவன் யாரோடு பொருதான், யாருடைய நெல்லைத் தின்றான் என்று கேட்டவரைப் பகைவர் என்கிறது. அரசும், வாக்கை எண்ணி, கேட்டவர்க்கெல்லாம் மணிமண்டபம் தருகிறது. செஞ்சிக்கு வந்த உலகச் சிறப்பு, இந்தப் போட்டிக்குப் புதிய களமாக மாறிவிடும் வாய்ப்பு உண்டு. மராத்தியர் கோட்டை என்பார் ஒருபுறமும், நாயக்கர் கோட்டை என்பார் மறுபுறமும், தேசிங்கு கோட்டை என்பார் இடையிலும் நின்று பலகைக்குப் பலகை வழக்காடுவதை நாம் காண நேரக்கூடாது.

ஆகவே, தொல்லியல் துறையும் சுற்றுலாத் துறையும் அங்கே நிறுவும் தமிழ்ப் பலகைகளில் அனைத்துக் கொடிகளும் ஆண்டு வரிசையில் இடம்பெற வேண்டும். தேசிங்கின் பலகையில் மகபத்கானின் பெயரும் அதே அளவு எழுத்தில் இருக்க வேண்டும். செட்டிக்குளக் கரை மேடையில் நிற்கும் பள்ளி மாணவியிடம், அங்கே நடந்தது கொடுமை என்று எழுத்தில் சொல்லப்பட வேண்டும். நெற்களஞ்சியத்தின் வாசலிலும் ஒரு பலகை வேண்டும். அடிவாரத்து ஊர்களின் பெயர்களை அதில் எழுதலாம். பெயர் தெரியாத உழவர்க்கு ஊர்ப்பெயரையாவது தருவது நம்மால் இயலும்.

நம் ஊர்க் கைவினைஞரிடம் வைக்கவும் எமக்கொரு வேண்டுகோள் உண்டு. செஞ்சிக்கு இனி வெளிநாட்டாரும் வெளிமாநிலத்தாரும் மிகுதியாக வருவர். வருவோர் கையில் எடுத்துச் செல்ல ஏதேனும் கேட்பர். அதைச் செய்து தர விருத்தாசலத்துப் பீங்கான் சூளைகளைவிடத் தகுந்த இடம் அண்மையில் இல்லை. குதிரைப் பொம்மை செய்யும் வேலையை அருகிருந்து பார்த்தவர் அறிவர். கூழாகக் கரைத்த களிமண்ணைச் சாந்து அச்சில் ஊற்றி, அச்சு நீரை உறிஞ்சிச் சுவர் கட்டியதும் மிஞ்சியதை வடித்துவிட்டு, பிரித்தெடுத்து, இணைப்புத் தழும்பைக் கத்தியால் சீவி, ஈரப் பஞ்சால் துடைத்து நிழலில் வைக்கின்றனர். உடல் கனம், கால்கள் மெலிவு. அப்படியே சூளையில் வைத்தால் சூட்டில் இளகிக் கால் மடியும். ஆகவே வயிற்றின்கீழ் ஒரு மரத்தூர் போலவோ புதர் போலவோ ஒரு தாங்கலைச் சேர்த்தே வார்க்கின்றனர். வாங்குவோர் வீரனின் மீசையைப் பார்ப்பர், குதிரையின் பிடரியைப் பார்ப்பர். தாங்கலை எவரும் பார்ப்பதில்லை.

செஞ்சிக்கென்று நம் சூளைகளில் வேகும் முதல் தொகுதியில் குதிரைகள் இரண்டாக இருக்கட்டும். ஒன்றன்மேல் தேசிங்கும் மற்றொன்றன்மேல் மகபத்கானும் அமரட்டும். வயிற்றின்கீழ் மரத்தூருக்கு மாற்றாக, நெற்கூடையைத் தலையில் ஏந்திய ஒரு பெண்ணை நிறுத்துங்கள். குதிரையின் கனத்தைத் தாங்கும் அளவுக்கு அவள் தோளை அகலமாக வையுங்கள்.